சத்து செத்துப் பூடுமா?

போன மாசம் எங்க வீட்டுல மாதுளம்பழ மழை.

விஷயம் ஒண்ணும் பெருசில்ல. ஸ்கூல்ல ரத்தம் டெஸ்ட் எடுத்திருக்காங்க. என் பொண்ணுக்கு (ஒன்பதாவது படிக்கிறா) ஹீமோகுளோபின் 9.8ன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. நான் அந்தச் சீட்டை முழுசாப் படிக்கிறதுக்குள்ள எங்கம்மா குறிஞ்சிப்பாடி அத்தைக்கு ஃபோன் போட்டாச்சு. அத்தை வடலூர் சித்தப்பாவுக்கு. சித்தப்பா கடலூர் பெரியப்பாவுக்கு.

"புள்ளைக்கு ரத்தம் கம்மியாம்ப்பா."

முடிஞ்சுது கதை. ஆஸ்பத்திரியில படுத்தா சாத்துக்குடி, ஆபரேஷன்னா ஹார்லிக்ஸ், ரத்தம் கம்மின்னா மாதுளை. யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. வந்தவங்க அத்தனை பேர் கையிலயும் ஒரு பை. ஒருத்தராவது ரெண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல? ம்ஹூம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து எண்ணினேன். 23 பழம். ஏழு கிலோவுக்குக் குறையாது. குள்ளஞ்சாவடி மெயின் ரோட்டுல நிக்கிற தள்ளுவண்டியில கூட அன்னிக்கு அவ்ளோ இருந்திருக்காது.

எனக்கு நெய்வேலியில மொத ஷிப்ட். விடியக்காலையிலயே கிளம்பிடணும். (மாதுளை உரிச்சுட்டு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சவன் எவனும் கிடையாது.) அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல உரிச்சு, டப்பாவுல போட்டு, ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா வாரம் பூரா நிம்மதின்னு கணக்குப் போட்டேன்.

எங்கம்மா திண்ணையிலேர்ந்தே குரல் குடுத்தாங்க.

"டேய், அதை ஃப்ரிட்ஜ்ல வைக்காத. சத்தெல்லாம் செத்துப் பூடும்."

"ஏம்மா, தோசை மாவு மட்டும் சாகாதா?"

"மாவு வேற, பழம் வேற."

எங்கம்மாகிட்ட வாதாடி ஜெயிச்சவங்க எங்க வம்சத்துலயே இல்ல. ஆனா அந்த வார்த்தை மண்டைக்குள்ள சப்பணம் போட்டு உக்காந்துக்கிச்சு. சத்து, செத்து. எதுகை சரியா வுழுந்துட்டா நம்ம ஜனங்களுக்கு அது உண்மையாவும் ஆயிடும்.

அன்னிக்கு ராத்திரியே பெரியப்பா குடும்ப வாட்ஸப்புல ஒண்ணு தட்டி விட்டார். உரிச்ச மாதுளையை ஒரு மணி நேரத்துக்கு மேல வச்சா அது வெறும் சக்கையாம். கீழ பத்து கும்பிடு, ரெண்டு ரோஜாப்பூ.

எனக்கு எரிச்சல் வந்துடுச்சு. அந்த எரிச்சல்ல ஆரம்பிச்சு ஒரு மாசமா ஃப்ரிட்ஜையும் மாதுளையையும் கட்டிக்கிட்டு அழுததுதான் இந்தப் பதிவு.

மொதல்ல என் தோல்வியைச் சொல்லிடறேன்.

யூடியூப்ல பாத்த மாதிரி, பழத்தை வெட்டி, பெரிய அன்னக்கூடையில தண்ணி ஊத்தி, தண்ணிக்குள்ளயே உதிர்த்தேன். முத்தெல்லாம் அடியில போயிடும், வெள்ளைத் தோல் மேல மிதக்கும். பாக்க அழகு. பத்து பழம் உரிச்சு முடிச்சப்போ தண்ணி ரோஸ் மில்க் கலர்ல இருந்துது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். முத்தை வடிகட்டி, ஈரத்தோடயே பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல கழுத்து வரைக்கும் நெரிச்சு, ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கற தட்டுல வச்சேன்.

நாலாம் நாள் மூடியைத் திறந்தேன். டாஸ்மாக் வாசல் வாசனை.

அடியில கொழகொழன்னு ஒரு தண்ணி. மேல இருந்த முத்து மட்டும் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி பளபளன்னு இருந்துது. மொத்தத்தையும் கொண்டுபோய் வாழை மரத்தடியில கொட்டினேன். எங்கம்மா ஒரு வார்த்தை பேசல. பாத்தாங்க. அவ்ளோதான். அந்தப் பார்வைக்குப் பத்து வாட்ஸப் மெசேஜ் சமம்.

மிச்சம் 13 பழம். இனிமே யோசிச்சுதான் கத்தியை எடுக்கணும்னு முடிவு பண்ணி, படிக்க ஆரம்பிச்சேன்.

படிச்சதுல மொத அதிர்ச்சி: மாதுளை பறிச்சப்புறம் பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி வைக்கோல்ல வச்சுப் பழுக்க வைக்கிற ஜாதி இல்ல இது. மரத்துல எந்த நிலையில இருந்துச்சோ அதுதான். அப்புறம் இறங்குமுகம்தான். ஆனா அந்த இறக்கம் ரொம்ப மெதுவா நடக்கும். முழுப் பழத்தை அஞ்சிலேர்ந்து ஏழு டிகிரிக்குள்ள, நல்ல ஈரப்பதத்துல வச்சா ரெண்டு மாசம் வரைக்கும் தாங்குது. ரெண்டு மாசம்! எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மாசம் தாங்கினது ஒரு ஊறுகா பாட்டிலும், யாரோ குடுத்த ஜாதிக்காயும்தான்.

காரணம் அந்தத் தோல். நம்ம ஊருக்கு வர்ற பழம் முக்கால்வாசி மகாராஷ்டிராவுலேர்ந்து வர்றது. சோலாப்பூர், நாசிக் பக்கம். பக்வான்னு ஒரு ரகம் (மராத்தியில காவிக் கலர்னு அர்த்தம்), நல்ல தடிச்ச தோல். லாரியில உருண்டு பெரண்டு வந்தாலும் உள்ள இருக்கற முத்துக்கு ஒண்ணும் ஆகாது. அங்க பூ எடுக்கறதுக்கே மிருக், ஹஸ்த, அம்பியான்னு மூணு பருவம் வச்சிருக்காங்க. தண்ணியை நிறுத்தி, இலையை உதிர்க்க வச்சு, எந்தப் பருவத்துல பூக்கணுமோ அந்தப் பருவத்துல பூக்க வைக்கிறாங்க. அதான் வருசம் பூரா வண்டியில மாதுளை கிடைக்குது. 2005லேர்ந்து இந்தப் பழத்துக்குன்னே சோலாப்பூர்ல மத்திய அரசு ஆராய்ச்சி மையமே நடத்துது.

இங்க நம்ம ஊரு முந்திரிப்பழத்தை நெனைச்சுப் பாருங்க. (இது தேவையில்லாத டைவர்ஷன் இல்ல, இருங்க.) சீசன்ல நம்ம பக்கத்து முந்திரித் தோப்புக்குள்ள நடந்தா செருப்பு வழுக்கும். கொட்டையைத் திருகிட்டுப் பழத்தை அப்படியே போட்டுட்டுப் போயிடுவாங்க. ஆரஞ்சுல இருக்கறதை விட பல மடங்கு வைட்டமின் சி அதுல இருக்கு. ஆனா மெல்லிசுத் தோல். காலையில வுழுந்தது சாயங்காலம் புளிச்சுடும். கடலூர் வரைக்கும் கூட தாங்காது. மாதுளையில அந்தச் சத்து கம்மிதான், ஆனா கவசம் இருக்கு. அது சோலாப்பூர்லேர்ந்து வந்து நம்ம வீட்டு நடுக்கூடத்துல உக்காந்திருக்கு. முந்திரிப்பழம் கொல்லையிலேர்ந்து வாசலுக்கு வரல.

ஆக, மாதுளைக்கு மொத ஃப்ரிட்ஜ் அதோட தோல். நம்ம வீட்டுல இருக்கறது ரெண்டாவது ஃப்ரிட்ஜ்.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சப்புறம் கேள்வியே மாறிடுச்சு. "ஃப்ரிட்ஜ்ல வச்சா சத்து போகுமா?"ன்னு கேக்கறதை விட "தோலை எப்ப உடைக்கிற?"ன்னு கேக்கணும்.

சரி, உடைச்சாச்சு. இப்ப என்ன ஆகும்?

முத்து உயிரோட இருக்கற சாமான். உரிச்சப்புறமும் மூச்சு விடும். மூச்சு விட விட உள்ள இருக்கற சக்கரை, புளிப்பெல்லாம் மெல்லச் செலவாகும். குளிர்ல வச்சா மூச்சு மெதுவாகும், செலவு குறையும். அவ்ளோதான் ஃப்ரிட்ஜோட வேலை. எங்கம்மா சொல்றதுக்கு நேர்மாறு. வெளிய வச்சாதான் சீக்கிரம் சாகும், உள்ள வச்சா ஆயுசு கூடும். பூஜ்யத்துலேர்ந்து அஞ்சு டிகிரிக்குள்ள சுத்தமா வச்சா உரிச்ச முத்து பத்திலேர்ந்து பதினாலு நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்குது. பத்து டிகிரிக்கு ஏறினா அதுக்குப் பாதி கூட நிக்காது.

(முழுப் பழத்துக்குக் கதை வேற. அதை ரொம்ப நாள் அஞ்சு டிகிரிக்குக் கீழ வச்சா தோல் பழுப்பாகி, உள்ள வெள்ளைச் சவ்வும் கறுத்துடும். அதுக்குக் காய்கறி டிரேதான் சரி. உரிச்ச முத்துக்கு நல்ல குளிர். அம்மாவுக்குக் காபி, அப்பாவுக்கு டீ மாதிரி.)

நான் ஆன்லைன்ல ஒரு குட்டி தெர்மாமீட்டர் வாங்கினேன். எங்க வீட்டம்மா கேட்டாங்க, "ஃப்ரிட்ஜுக்கு ஜுரமா?"ன்னு. வச்சுப் பாத்தா, ஆமா, கதவுக்கு ஜுரம்தான்! கதவுத் தட்டு 11 டிகிரி. காய்கறி டிரே 8. மேல் தட்டுல பின்பக்கம் 4. ஒரே ஃப்ரிட்ஜுக்குள்ள மூணு ஊரு. என் மொத டப்பா ஏன் சாராயமாச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. வீட்டுல யார் தண்ணி குடிச்சாலும் திறக்கற கதவுல கொண்டுபோய் வச்சிருக்கேன்.

இப்ப சத்துக் கணக்குக்கு வருவோம். சத்துன்னா ஒரே மூட்டை இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு குணம்.

இரும்பு, பொட்டாசியம் மாதிரி தாது எல்லாம் குளிருக்கு அசையாது. ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் வச்சாலும் அதேதான். நார்ச்சத்தும் அப்படித்தான் (100 கிராமுக்கு 4 கிராம் இருக்கு, ஆனா கொட்டையோட மென்னு தின்னாதான். ஜூஸ் போட்டு வடிகட்டினா நார் குப்பைக்கூடைக்குப் போயிடும்). இதெல்லாம் போறது ஒரே வழியாத்தான். முத்து உடைஞ்சு சாறு வழிஞ்சு, அந்தச் சாறை நாம கொட்டிட்டா போகும். என் ரோஸ் மில்க் தண்ணி ஞாபகம் இருக்கா? சிங்க்ல ஊத்தினேனே. சத்து செத்தது அங்கதான். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே!

வைட்டமின் சிதான் கொஞ்சம் பூஞ்சை உடம்பு. காத்து பட்டா கரையும், சூடு பட்டா கரையும், முத்து நசுங்கினா இன்னும் வேகமாக் கரையும். குளிர்ல வச்சாலும் நாளாக நாளாகக் குறையத்தான் செய்யும், ஆனா மெதுவா. அம்மாவுக்கு அந்த அளவுல பாஸ் மார்க் போடலாம். ஒரு கணக்கு பாருங்க. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 100 கிராம் மாதுளை முத்துல வைட்டமின் சி 10 மில்லிகிராம்தான். ஐசிஎம்ஆர் 2020ல சொன்னபடி ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 65 வேணும். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரத்துல இருக்கறதுல பாதியே போச்சுன்னு வச்சுக்குவோம். நஷ்டம் 5 மில்லிகிராம். அதே 100 கிராம் கொய்யாவுல 228 இருக்கு. ரெண்டு வாய் கொய்யா கடிச்சா அந்த நஷ்டத்தை ஈடுகட்டிடலாம். இதுக்காகவா குடும்பத்துல சண்டை?

அப்புறம் அந்தச் செகப்பு. ஆந்தோசயனின்னு பேரு. புளிப்பு இருக்கற வரைக்கும் செகப்பா உறுதியா நிக்கும். குளிர்லயும் ஓரளவு நல்லாவே தாங்கும். ஒரு வேடிக்கை: என் பொண்ணும் நானும் ரெண்டு சொட்டு சாறை சோப்புத் தண்ணியில விட்டோம். பச்சையும் நீலமுமா மாறிடுச்சு. புளிப்பு போனா கலரும் போயிடும். "அப்பா, இது லிட்மஸ்ப்பா!"ன்னு கத்தினா. வெள்ளைச் சட்டையில சிந்தின மாதுளைக் கறை சோப்பு போட்டதும் ஏன் நீலமாகுதுன்னு இப்ப எங்க வீட்டம்மாவுக்கும் பதில் தெரியும். (கறை போகல. பதில் மட்டும்தான்.)

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. வைட்டமின் சிக்குக் கலர் கிடையாது. செக்கச்செவேல்னு இருக்கறதால எல்லாச் சத்தும் இருக்குன்னும் சொல்ல முடியாது, கலர் கொஞ்சம் மங்கினதால எல்லாம் போச்சுன்னும் சொல்ல முடியாது.

இவ்ளோ படிச்சுட்டு ரெண்டாவது ரவுண்டு இறங்கினேன்.

இந்தத் தடவை தண்ணி கிடையாது. மொதல்ல அம்மாவோட அருவாமனையில வெட்டினேன். பழைய இரும்பு. வெட்டின எடம் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. தோல்ல இருக்கற துவர்ப்பு இரும்போட சேந்து கறுத்துடுது. அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தான் மை காய்ச்சினாங்க, அதே சங்கதி. (இந்த அன்னபேதியை ஞாபகம் வச்சுக்குங்க. திரும்ப வரும்.) அப்புறம் ஸ்டீல் கத்திக்கு மாறினேன். காம்புப் பக்கம் வட்டமா கீறி, கட்டத்துக்குக் கட்டம் கீறல் போட்டு, கையால பொளந்தா நாலு துண்டு. கவுத்துப் போட்டு கரண்டியால தட்டினா முத்து கொட்டும். நசுங்கினதை அப்பவே வாயில போட்டுக்கிட்டேன். (தரக்கட்டுப்பாடு.)

ஒரு பங்கு: சுத்தமாத் துடைச்ச எவர்சில்வர் டப்பா, அடியில மடிச்ச வெள்ளைத் துணி, பாதி வரைக்கும் மட்டும் முத்து, மூடி போட்டு மேல் தட்டு பின்பக்கம்.

ஒரு பங்கு: திறந்த கிண்ணம், கதவுத் தட்டு. ரொம்பப் பேர் வீட்டுல இப்படித்தானே வைக்கிறாங்க.

ஒரு பங்கு: ஃப்ரீசர்.

நாலு முழுப் பழம் காய்கறி டிரேயில. ரெண்டு வெளிய கூடையில.

கிண்ணத்துக்காரர் மூணாம் நாளே அவுட். மேல் வரிசை சுருங்கி உலர்ந்து போச்சு. அதுவும் பரவாயில்ல, பக்கத்துல சங்கரா மீன் குழம்பு இருந்திருக்கு. மீன் வாசனை மாதுளை சாப்பிட்டிருக்கீங்களா? வேணாம்.

எவர்சில்வர் டப்பா ஏழு நாள் வரைக்கும் அப்படியே இருந்துது. ஒம்பதாம் நாளும் நல்லாத்தான் இருந்துது, ருசி மட்டும் கொஞ்சம் மொண்ணை. பதினோராம் நாள் லேசா புளிச்ச வாசனை. அதோட நிறுத்திட்டேன். நடுவுல ஒரு நா மதியம் நாலு மணி நேரம் கரண்ட் இல்ல. பக்கத்துல நெய்வேலியில 1962லேர்ந்து நிலக்கரியை எரிச்சு கரண்ட் எடுக்கறாங்க, நானே அதுக்குத்தான் ஷிப்ட் போறேன். ஆனா குளிர்ங்கறது நம்ம கையில இல்லாத சமாச்சாரம்னு இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேணாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சுட்டுப் போனப்போ முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துது. கம்பமும் அதுங்க கூடவே படுத்துடுச்சு. அந்த நாள்ல எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் பீரோ. துணி மடிச்சு வைக்காததுதான் பாக்கி. அதனால உரிச்ச டப்பாவை நம்பிப் பத்து நாள் வைக்கிற வேலையே வேணாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். அஞ்சு நாள். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது.

கூடையில வச்ச பழம் எட்டாம் நாள் தோல் செருப்பு மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போட இருந்தேன். வெட்டிப் பாத்தா உள்ள முத்து ஜம்முனு இருக்கு! தோல் தன்னோட ஈரத்தைக் குடுத்து உள்ள இருக்கறதைக் காப்பாத்தியிருக்கு. டிரேயில வச்ச பழம் மூணு வாரம் தாண்டியும் கல்லு மாதிரி இருந்துது.

ஃப்ரீசர்தான் ஆச்சரியம். உறையும்போது உள்ள இருக்கற தண்ணி ஐஸ் ஊசியா மாறி முத்தோட செல்லையெல்லாம் கிழிச்சுடும். வெளிய எடுத்து வச்சா தொளதொளன்னு சாறு விட்டுடும். அம்மா சொன்ன "செத்துப் பூடும்" உண்மையிலேயே நடக்கறது இங்கதான். ஆனா பாருங்க, அந்தக் கடுங்குளிர்ல வைட்டமின் சி கரையற வேகம் ரொம்பக் கம்மி. முத்து செத்துடுச்சு, சத்து சாகல! வழியற சாறோட சேத்து அப்படியே மோர்லயோ ஜூஸ்லயோ போட்டா ஒண்ணும் வீணாகாது.

குளிரை ஒரேயடியாப் புகழவும் மாட்டேன். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். 2013ல அமெரிக்காவுல உறைய வச்ச பழக் கலவை சாப்பிட்டு 165 பேருக்கு மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் ஏ) வந்துது. தேடிப் பாத்தா துருக்கியிலேர்ந்து போன மாதுளை முத்துல இருந்திருக்கு அந்த வைரஸ். ஃப்ரீசர்ல இருந்தும் அது சாகல. அதனால உரிக்கறதுக்கு முன்னாடி கையையும் பழத்தையும் கழுவுங்க. கத்தி தோல்ல இருக்கற அழுக்கை உள்ள இழுத்துட்டுப் போகும்.

இனிமேதான் முக்கியமான விஷயம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஒரு ராத்திரி அட்டவணையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். 100 கிராம் மாதுளையில இரும்பு எவ்ளோ தெரியுமா? 0.3 மில்லிகிராம்.

0.3!

ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. மாதுளையாலயே அதை ஈடுகட்டணும்னா தினம் கிட்டத்தட்ட பத்து கிலோ முத்து திங்கணும். ஸ்கூல்ல வாரத்துக்கு ஒண்ணு குடுக்கறாங்களே நீலக் கலர் மாத்திரை, அதுல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. ஒரு மாத்திரை, இருபது கிலோ மாதுளை முத்து. எங்க சொந்தக்காரங்க கொண்டு வந்த அத்தனை பையும் சேந்து ஒரு மாத்திரைக்கு முன்னாடி நிக்க முடியல.

ஃப்ரிட்ஜ்ல வச்சா சத்து போயிடும், போயிடும்னு அடிச்சுக்கிட்டோமே, அம்மா நெனைச்ச அந்தச் சத்து அதுல மொதல்லயே இல்ல. இல்லாதது எப்படிச் சாகும்?

(சோலாப்பூர் மையத்துல 2017ல சோலாப்பூர் லால்னு ஒரு ரகம் கொண்டு வந்திருக்காங்க. இரும்பு, துத்தநாகம், வைட்டமின் சி கூடுதலா இருக்கணும்னே வளர்த்த ரகம். சத்து குறையுதுன்னு தெரிஞ்சுதானே அவங்களே இறங்கியிருக்காங்க.)

அந்த நீல மாத்திரையை என் பொண்ணு என்ன பண்ணினான்னு கேட்டேன். "வாந்தி வர மாதிரி இருந்துச்சுப்பா, அதான்..."ன்னு தலையைக் குனிஞ்சா. பையோட அடியில நாலு மாத்திரை. நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. எத்தனை புத்தகப் பைக்குள்ள எத்தனை மாத்திரை இருக்கோ.

இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? நேராச் சொன்னா "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அவங்க வழியிலயே போனேன்.

"ஏம்மா, மணப்பாகு வச்சிருக்கியே, அது எப்படிச் செய்யறாங்க?"

"மாதுளஞ்சாறுல சக்கரை போட்டுப் பாகு காய்ச்சுவாங்க. ரத்தம் ஊறும்."

"அடுப்புல வச்சா சத்து சாகாதா?"

சத்தம் இல்ல. மொத தடவை!

(ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல மாதுளையைச் சேமிச்ச வழி அந்தப் பாகுதான். சூடு, வைட்டமின் சியை ஃப்ரிட்ஜை விட வேகமா அழிக்கும். அதை மருந்துங்கறோம், இதை விஷங்கறோம்.)

ஆனா நம்ம வைத்தியத்தையும் லேசா நெனைக்க வேணாம். சித்த மருத்துவத்துல ரத்தசோகைக்கு மாதுளை மணப்பாகை மட்டும் குடுக்கறதில்ல, கூட அன்னபேதிச் செந்தூரமும் உண்டு. அன்னபேதின்னா என்ன? இரும்பு உப்பு! மை காய்ச்சினதும் அதுதான், மருந்தானதும் அதுதான். 2,300 வளரிளம் பொண்ணுங்களுக்கு அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நாலையும் சேத்து 45 நாள் குடுத்துப் பாத்து, ஹீமோகுளோபின் ஏறினதா மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2024ல செய்தி வெளியிட்டுது. அதுல இரும்பைக் கொண்டு வர்றது அன்னபேதி. மாதுளை மாப்பிள்ளைத் தோழன். நாம என்ன பண்ணிட்டோம்னா, மாப்பிள்ளையை விட்டுட்டுத் தோழனுக்குத் தாலி எடுத்துக் குடுத்துட்டோம்.

அப்ப மாதுளை வீணான்னா, இல்ல. அந்தச் செகப்புலயும் துவர்ப்புலயும் சமாச்சாரம் இருக்கு. 2000ல ஸ்பெயினும் கலிபோர்னியாவும் சேந்து பண்ணின ஒரு ஆராய்ச்சி ரொம்பப் பிரபலம். மாதுளை ஜூஸோட ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் ரெட் ஒயின், கிரீன் டீயை விட மூணு மடங்குன்னு எல்லாரும் சொல்றது அதை வச்சுத்தான். ஆனா சின்ன எழுத்தையும் படிக்கணும். தோலோட நசுக்கிப் பிழிஞ்ச கடை ஜூஸுக்கு அவங்க அளவுகோல்ல 18லேர்ந்து 20. முத்தை மட்டும் பிழிஞ்சதுக்கு 12லேர்ந்து 14. அந்தக் கூடுதல் தோல்லேர்ந்து வந்தது. வயித்தாலைக்கு மாதுளந்தோலைக் காய வச்சுக் குடுத்த பாட்டிமாருங்க சும்மா ஒண்ணும் பண்ணல. நாமதான் தோலைக் குப்பையில போட்டுட்டு, ஃப்ரிட்ஜோட சண்டை போடறோம்.

இப்ப எங்க வீட்டு வழக்கம் இதுதான். பழம் முழுசா காய்கறி டிரேயில. ஞாயிறு ராத்திரி மூணு பழம் மட்டும், தண்ணி படாம உரிச்சு, எவர்சில்வர் டப்பாவுல மேல் தட்டு பின்பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள காலி. கொட்டையோட மெல்லணும், வடிகட்டறது கிடையாது. மாத்திரை, டாக்டரம்மா சொன்னபடி, சோத்துக்கப்புறம், என் கண்ணு முன்னாடி. கூடவே முருங்கைக்கீரை, மல்லாட்டை உருண்டை. கொய்யா கிடைச்சா ஒண்ணு.

நேத்து திரும்ப டெஸ்ட் எடுத்தோம். 10.9.

எங்கம்மா சீட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, ரெண்டு தடவை பாத்தாங்க.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, மாதுளை குடுடான்னு."

"அம்மா, அது மாத்திரை..."

"நீ ஃப்ரிட்ஜ்ல வச்சது இல்லடா. நடுவுல ரெண்டு நாள் நான் உரிச்சுக் கையில குடுத்தேன் பாரு, அது."

பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சா. நான் வாயைத் திறக்கல.

எழுதி முடிக்கப் போற நேரத்துல வாசல்ல வண்டி சத்தம். குறிஞ்சிப்பாடி அத்தை. புள்ளைக்கு ரத்தம் ஏறிடுச்சாம்னு கேள்விப்பட்டு சந்தோசத்துல வந்திருக்காங்க.

கையில ஒரு பை.

டிரேயில எடம் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்.